எங்கள் தெருவில் ஆள் குறைந்துபோன விவரம்

கோவிலம்பாக்கம்,
ஆகஸ்ட் 2007

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் சத்தியநாதன் ஐயா அவர்களுக்கு, கோவிலம்பாக்கம் ஹவுஸ் ஓனர் ஜெயவேலு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி முனியம்மாவும் நலம். குடியிருப்பவர்களும் நலம், நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்ததைவிட நிறையப் பேர் நலம். தங்கள் வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எத்தனை பேர் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கதிக்கு ஆளாகியிருக்கிறேன்.

தங்களிடம் ஆராய்ச்சி செய்யும் திருவாரூர்ப் பெண் மஹாலட்சுமி என் வீட்டு மாடி அறையில்தான் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறாள். அவள் ஆராய்ச்சியை நீங்கள் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டதாகவும், இந்த மாதக் கடைசிக்குள் நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் தாம்பரம் பக்கத்துக் கல்லூரியில் அவளுக்குக் காத்திருக்கும் லெக்சரர் வேலை கைவிட்டுப் போய்விடும் என்றும், வேலை போனால் அவள் அப்பா வந்து கையோடு கூட்டிக்கொண்டு போய் ரைஸ் மில் மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்துவிடுவார் என்றும் அழுதாள். அந்தப் பெண் மேல் தப்பே கிடையாது. தப்பெல்லாம் என்னுடையது. எப்படி என்று விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

எங்கள் அப்பா நெல் போட்ட இடத்தில் நான் போர்ஷன் போட்டிருக்கிறேன். ஒரு போர்ஷனுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது என் சட்டம், ஏனென்றால் செப்டிக் டேங்க் அதற்கு மேல் தாங்காது. இந்தப் பெண் வந்த புதிதில் என்ன படிப்பு என்று கேட்டேன். "ஊர்ல ஜனத்தொகை எப்படி மாறுது, அதுக்கேத்த மாதிரி ரோடு, தண்ணி, பஸ் எல்லாம் எப்படிப் பண்ணலாம்னு பாக்கறது அங்கிள்" என்றாள். தண்ணீர் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வயசுப் பெண் முன்பின் தெரியாத வீடுகளுக்கு ஒண்டியாகப் போகக்கூடாது என்று நானே வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு துணைக்குக் கிளம்பினேன். வாசலில் நின்று குரல் கொடுப்பது நான், எழுதிக்கொள்வது அவள். ஊரில் எனக்கு இருக்கும் மரியாதைக்கு எல்லா வீட்டுக் கதவும் உடனே திறந்தது.

முதல் வீடு என் வீட்டுப் பின் போர்ஷன், மேடவாக்கத்தில் மீன் விற்கும் ரத்தினபாய். வாசலில் கல்யாண மண்டபம்போலச் செருப்புகள். "வூட்ல நாலே பேருதான் ஓனரே" என்றாள், இந்தப் பெண் வாயைத் திறக்கும் முன்பே. "இவ்ளோ செருப்பு கீதே?" என்றேன். "அதெல்லாம் பழசு, தூக்கிப் போட மனசு வரல" என்றாள். சிக்கனமான பெண் என்று பாராட்டினேன். உள்ளே யாரோ இருமினார்கள். "அது டிவி ஓனரே" என்றாள். கரன்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. இப்படியே என் வீடு, என் சிநேகிதர்கள் வீடு என்று தெருத்தெருவாகப் போனோம். எல்லா வீட்டிலும் நாலு, சில வீட்டில் மூன்று. என்னிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் அந்தந்த ஓனர் காதுக்குப் போய்விடும் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

மஹாலட்சுமி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், போன சென்சஸைவிட எங்கள் பக்கத்தில் ஆள் குறைந்துவிட்டது. பாவம், இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான்தான் ஆறுதல் சொன்னேன். பள்ளிக்கரணைக் கொசு தாங்காமல் ஊரைக் காலி செய்திருப்பார்கள், அதையே காரணமாக எழுது என்றேன். அவளும் எழுதிவிட்டாள். "ஏரி விளிம்பு வரைக்கும் வீடு கட்டியிருக்கிற ஊர்ல ஆள் குறைஞ்சுபோச்சா? எல்லாரும் சந்திரனுக்கா போனாங்க?" என்று நீங்கள் சத்தம் போட்டீர்களாம். அந்தக் கொசு யோசனை என்னுடையதுதான், மன்னிக்கவும்.

முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், ஓனரைக் கூட இட்டுகினு போயி வூட்ல எத்தினி பேருன்னு கேட்டா எவன்யா நெசம் சொல்லுவான்? ஒன் மூஞ்சியப் பாத்தாலே பாதிப் பேரு கட்டிலுக்கு அடில பூந்துக்கறான். நீ குந்து, நான் போறேன்" என்று அவளே இரண்டாவது தடவை துணைக்குப் போனாள். முனியம்மா மகளிர் குழுத் தலைவி. குழுத் தலைவி ஒரு பெண்ணோடு வீடு வீடாக வந்து தலையை எண்ணுகிறாள் என்றதும், இலவச கலர் டிவிக்குத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று தெரு முழுக்கப் புரளி கிளம்பிவிட்டது. குடும்பத்துக்கு ஒரு டிவி என்பதால் ஒவ்வொரு குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது. போன மாசம் கல்யாணமான ஜோடிகூடத் தனித்தனி அடுப்பு என்று சொல்லிற்று. ரத்தினபாய் வீட்டில் நாலு பேர் பதினாலு ஆனார்கள், அதில் போன வருஷம் காலமான அவள் மாமனாரும் ஒருவர். ஆள் எங்கே என்று கேட்டதற்கு, வெளியே போயிருக்கிறார் என்றாளாம். இந்தக் கணக்கை நீங்கள் பார்த்துவிட்டு, ஒரே மாதத்தில் இப்படிப் பெருகிய ஜனம் உலகத்திலேயே கிடையாது என்று சொன்னதில் எங்களுக்கு வருத்தமில்லை.

அப்புறம்தான் அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். யாரையும் காலி பண்ணச் சொல்லமாட்டேன் என்று என்னிடம் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் வீட்டிலேயே விட்டுவிட்டு ஒண்டியாகக் கிளம்பினாள். எத்தனை பேர் என்று எங்கேயும் கேட்கவில்லை. உட்கார்ந்து டீ குடித்து ஊர்க்கதை பேசி, "ராத்திரி யார் யார் எங்கெங்க படுப்பீங்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். படுக்கிற இடத்தைப் பற்றிப் பொய் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இடம் போதாத குறையைக் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். கட்டிலுக்கு மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர், சமையலறையில் ஒருவர். முன் போர்ஷனில் நாவலூர்க் கம்பெனியின் நைட் வாட்ச்மேனும் பகல் வாட்ச்மேனும் ஒரே பாயை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள்; இத்தனை நாளாக அவர்களை நான் ஒரே ஆள் என்று நினைத்திருக்கிறேன். ரத்தினபாய் வீட்டில் இருமியது அவள் தங்கச்சி புருஷன். சுனாமியில் வீடும் படகும் போய், கட்டிய துணியோடு குடும்பமாக வந்தவர்களாம். அதைக் கேட்ட பிறகு என் நாலு பேர் சட்டத்தை விட்டுவிட்டேன். அன்றைக்கே செப்டிக் டேங்கைப் பெரிதாக்க ஆள் சொல்லிவிட்டேன்.

ஆகவே ஐயா, மூன்றாவதாக அவள் கொண்டுவந்திருப்பதுதான் அசல் கணக்கு. மூன்று தடவை மூன்று விதமாக வந்ததால் அவள் கற்பனையாக எழுதுகிறாள் என்று நீங்கள் சந்தேகப்படுவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லவே வராது. நான் வாடகைக்கு விட்டவர்களில் சொன்ன சொல் மாறாதவள் இவள் ஒருத்திதான் என்று எந்தப் பத்திரத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்களும் போட்டுவிடுங்கள். அவள் படிப்பு வீணாகக்கூடாது.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் ஆயுசும் ஆரோக்கியமும், வற்றாத போர் தண்ணீரும் கிடைக்க எங்கள் ஊர் அம்மனை வேண்டும்,

தங்கள் உண்மையுள்ள,
கோ. ஜெயவேலு

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் முனியம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தி வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாடில ஒருத்தியா கீறா? மூணு பொண்ணுங்க கீறாங்கய்யா. தெனமும் மூணு பேருக்குக் கொழம்பு ஊத்தறவ நான்" என்றாள். மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். மூன்று பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். சத்தியம் செய்துவிட்டதால் காலி பண்ணச் சொல்ல முடியவில்லை. மேலே எழுதிய நற்சான்றிதழை மட்டும் அடித்துவிடவும். ஆனால் ஓனர் கேட்டால் யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள் என்ற அவள் ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? கையெழுத்தைக் கண்டிப்பாகப் போடவும். மற்ற இரண்டு பேரில் பொன்னி என்பவளும் உங்கள் மாணவியாம். ஆய்வுக்காக ஆறு மாதமாக மதுரையில் தங்கியிருப்பதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். அவளை நீங்கள் மதுரைக் கணக்கில் வைத்துக்கொள்கிறீர்களா, நான் கோவிலம்பாக்கத்தில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று ஒரு கார்டு போடவும்.