நாலு முகம், இரண்டு கை

ஊருக்கு ஊர் ஒரு பிரம்மா உண்டு. கோயிலில் தேடாதீர்கள், அங்கே அவருக்கு இடம் குறைவு. டீக்கடையில் தேடுங்கள். "அவனா? அவனை உருவாக்கினதே நான்தான்பா" என்று குரல் கேட்டால், கும்பிட்டுவிட்டு ஓடிவிடுங்கள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, சொந்தக் கையால் பட்டுக்கடை வைத்து மாடி கட்டியவன் நான். இந்த இனத்தைத் தெருமுனையிலேயே கண்டுகொள்வேன். எங்கள் பிள்ளையார்பாளையம் நெசவாளி உமாபதியை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி மகன் பாஸானால் அவன் படைப்பு, எதிர்வீட்டுப் பசு கன்று போட்டால் அவன் படைப்பு, மழை பெய்தால் "நேத்தே சொல்லி வெச்சேன்". அசல் பிரம்மாவுக்கு நாலு முகம். நின்ற இடத்திலேயே நாலு திசைக்கும் பெருமை பேசலாம். உமாபதிக்கு ஒன்றுதான். பாவம், நாலு தெருவுக்கும் நடக்க வேண்டியிருக்கிறது.

போன முகூர்த்தத்துக்கு முதல் நாள், ஐயம்பேட்டை தில்லையம்மாள் மகளின் கூறைப்புடவையை வாங்கிப்போக உமாபதி வீட்டுக்கு வந்தார். விடிந்தால் தாலி. தறியில் இன்னும் ஒரு முழம் பாக்கி.

"எல்லாம் நான் ஒருத்தனே படைச்சதும்மா" என்றான் உமாபதி.

பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு, ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்த மனைவி கலாவதியின் கை நின்றது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

"ஒருத்தனேவா? அப்ப நான் இன்னா, கொசு ஓட்டிக்கினு இருந்தேனா? மிச்சத்தையும் நீயே படைச்சுக்கோயா."

எழுந்து போய்விட்டாள்.

இதே காஞ்சியில் பிரம்மா சரஸ்வதியை விட்டுவிட்டு யாகம் செய்யப்போக, அம்மாள் வேகவதி ஆறாகப் பொங்கி வந்த கதையை ஊருக்கெல்லாம் சொல்பவன் உமாபதி. சொன்னால் போதுமா? கொஞ்சம் கேட்கவும் வேண்டாமா?

நாடாவைத் தள்ளினான், எழுந்து அந்தப் பக்கம் ஓடினான், திரும்பி ஓடி வந்தான், காலில் இழை சிக்கியது. கரை ஒருபக்கம், உடல் ஒருபக்கம், உமாபதி தரையில்.

"ஐயோ, பொண்ணு இன்னாத்தைக் கட்டும்?" தில்லையம்மாள் அழுதே விட்டார்.

"நாலு தெருவுலயும் போய், பாதி கலாவதி நெய்ஞ்சதுன்னு சொல்லிட்டு வா, அப்பதான் உக்காருவேன்" என்றாள், அழுகை கேட்டுத் திரும்பி வந்த கலாவதி.

போனான். மூன்று தெருவில் ஒழுங்காகச் சொன்னான். நாலாவது சொந்தத் தெரு, அங்கே நாக்கு நிற்கவில்லை: "பாதி அவ நெய்ஞ்சதுதான்பா. ஆனா, அவளைத் தறியில உக்கார வெச்சதே யாரு?"

கலாவதிக்கும் கேட்டது. தில்லையம்மாளைப் பார்த்தாள். "பொண்ணுக்காவ உக்கார்றேன்மா, இந்தாளுக்காவ இல்ல." சிக்கெடுத்து, புடவையை முடித்துக் கொடுத்தாள். மறுநாள் பந்தியில் உமாபதி என்ன சொன்னான்? "இந்தக் கல்யாணத்தையே நடத்தினது நான்தான்பா!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வீட்டை நீங்கள் ஒருவரே தாங்குவதாக எங்கேயாவது சொல்லியிருந்தால் மட்டும், மெல்லத் திரும்பிப் பாருங்கள். பக்கத்தில் ஆள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாரா?