மறதி மருந்து ஊற்றாத சால்வை

ராஜபாளையத்திலேயே துணிக்குப் பயந்து நடந்த ஒரே மனுஷர் எங்கள் சாயப்பட்டறையின் மறதி மாஸ்டர்தான். பேய் பிசாசெல்லாம் அவருக்குத் தூசு.

கம்பளிச் சால்வை கொதிக்கிற சாயத்தில் எப்படி மடங்கிக் கிடக்கிறதோ, அந்த மடிப்பு அப்படியே நிலைத்துவிடும். எந்த இஸ்திரிப் பெட்டிக்கும் அசையாது. அப்படி ஆகாமலிருக்கத் தொட்டியில் ஒரு ரசாயனம் ஊற்றுவோம். கேனில் அதற்கு வாயில் நுழையாத பெயர் இருந்தது; மாஸ்டர் வைத்த பெயர் மறதி மருந்து.

"கம்பளி உசுருள்ள சாமான் தம்பி. வெந்நியில பட்டதை மறக்கவே செய்யாது. நாமதான் மறக்க வைக்கணும்" என்பார். தொட்டிப் பக்கம் யாரும் சண்டை போடக் கூடாது, அழக் கூடாது. ஒருநாள் லோடுமேன் தும்மிவிட்டான். "ஏலே, அந்தால போ! இதப் போத்துறவனுக்குச் சளி பிடிச்சா நீயா மாத்திரை வாங்கிக் குடுப்ப?" என்று இன்னும் கொஞ்சம் மருந்தைச் சரித்தார்.

ஒருமுறை அந்த மருந்தையே ஊற்ற மறந்துபோனோம். வெளியே வந்த சால்வையின் நடுவில் ஐந்து விரல் பதிந்த மாதிரி மடிப்பு. "யாரு கைய்யா இது?" என்றார் முதலாளி. மாஸ்டர் சால்வையை முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்மாளு இல்ல மொதலாளி" என்றார்.

அவர் சம்சாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில், சித்திரை வெயிலிலும் குளிரில் நடுங்கிக்கொண்டே கிடந்து இறந்துபோனார். காரியம் முடிந்து வேலைக்கு வந்த மாஸ்டர் கையில் அந்த அம்மாவின் சால்வை. வெளுத்துப்போயிருந்தது. அந்த அம்மா தலையோடு போர்த்துகிற விதத்திலேயே முக்காடாக மடித்து, நூலால் தைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, இதுக்கு மட்டும் மருந்து வேண்டாம்."

"மாஸ்டர், கோணலா நின்னுட்டா பொறவு மாத்தவே ஏலாதே?"

"தெரியும். அவ இருந்த மாதிரி இருக்கது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா அம்புட்டுதான்." அவரே அதைத் தொட்டியில் இறக்கினார்.

கொதித்து, ஆறி, காய்ந்த பிறகு நூலைப் பிரித்தார். காலி முக்காடு மேஜை மேல் தானாக உட்கார்ந்திருந்தது, இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து. அந்த அம்மா அப்படித்தான் சாய்ந்து பார்ப்பார். படமெடுக்கச் செல்போனை நீட்டிய லோடுமேன் வாசலைத் தாண்டி ஓடியே போனான்.

முக்காடு மெல்ல நடுங்க ஆரம்பித்தது.

மாஸ்டர் குனிந்து, "ஏட்டி, குளுருதா?" என்றார்.

நான் போய் ஃபேனை நிறுத்தினேன்.