இரண்டு கையையும் தூக்கியதால் வந்த நாய்

அன்பும் பாசமும் அவற்றைவிடப் பெரிய வயிறும் உடைய மச்சான் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், உங்கள் தங்கை, ஒரு பூனை, ஒரு நாய் ஆக நால்வரும் சுகம். அங்கே நீங்களும் வயிறும் சுகம்தானே?

நாயும் பூனையும் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். போன ஞாயிறு ஆராதனையில் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெயில் இதமாக முகத்தில் விழ, அப்படியே பஞ்சு மாதிரி மிதந்து போய்விட்டேன். பாட்டு முடிந்ததும் தெரியாது, போதகர் எழுந்ததும் தெரியாது. பிராணிகள் காப்பகத்தை மூடப்போகிறார்களாம், கிறிஸ்துவின் அன்பு வாயில்லாத ஜீவனுக்கும் சேரவேண்டாமா, ஒன்றை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டிருக்கிறார். நான் பாடும்போது தூக்கிய இரண்டு கையையும் இறக்காமலே நின்றிருக்கிறேன். "சலூன்காரருக்கு ரெண்டு!" என்று எழுதிக்கொண்டார்கள். சபையே கைதட்டியது. நன்றாகப் பாடிவிட்டேன்போல என்று நானும் குனிந்து வணங்கினேன்.

பூனை வந்த அன்றே கடை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துதான் முடி வெட்டிக்கொள்கிறார்கள். நாய்க்குப் பதிமூன்று வயது, ஒரு கண்ணில் பால்போலப் புரை படிந்திருக்கிறது. வெட்டி விழுந்த முடியை மெத்தை என்று நினைத்துப் படுக்கிறது. ஃபேன் காற்றில் முடி மெல்ல எழும்பி அதன்மேல் இறங்குகிறது. எழுந்து வந்தால் மூன்று பேருடைய நரையோடு வருகிறது. தூக்கத்தில் அதன் கால்கள் ஓடுகின்றன மச்சான். எந்தத் தெருவோ, எந்த வயசோ! கத்தரியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன், கண்ணாடிக்குள்ளும் ஒரு நாய் ஓடுகிறது. தலையைக் கொடுத்தவரும் பாதி கிராப்போடு தூங்கிப்போகிறார்.

உங்கள் தங்கைதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"பூனை இருக்கட்டும். நாய் வேண்டாங்க."

"ஏன்டி, அதுவும் கர்த்தர் படைச்ச ஜீவன்தானே?"

"உங்களையும்தான் படைச்சார். ஒண்ணை வச்சுக் காப்பாத்துறது போதாதா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அதுக்குப் பதிமூணு வயசுங்க. இன்னும் எத்தனை நாளைக்கு? பழகிட்டு அப்புறம் யாரு அழறது?"

சின்னப் பிள்ளையில் உங்கள் வீட்டு நாய் செத்தபோது இவள் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

காப்பகத்தைப் பூட்டிவிட்டார்கள், திருப்பிக் கொடுக்க இடமில்லை. கிழட்டு நாயை வேறு யார் கேட்பார்கள்? உங்களுக்குத் தோட்டம் இருக்கிறது, வண்டி இருக்கிறது. சனிக்கிழமை வந்து அழைத்துப் போங்கள். பாலில் ஊறிய ரொட்டி போதும், அன்பாக நாலு வார்த்தை போதும். என்னிடம் பேசுகிற மாதிரி மட்டும் பேசிவிடாதீர்கள், பாவம்.

கர்த்தர் உங்கள் வீட்டையும், பிள்ளைகளையும், உங்கள் தலையில் மிச்சமிருக்கிற முடியையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கையிடம் வசமாக மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான், உன் தங்கச்சி. தபால்ல போடச் சொல்லி என்கிட்டயே குடுத்தாரு, படிச்சுட்டேன். நீ வண்டியை எடுத்துட்டு வராதே. காலையில அதைக் குளிப்பாட்டித் துவட்டுனேன். ஈரத்தலையை என் மடியில வச்சுத் தூங்கிருச்சு. எழுப்ப மனசு வரல, கால் மரத்துப்போச்சு. நான் அழற அன்னிக்குக் கூப்பிடுறேன். அப்போ வா.