டாக்டரின் வீட்டுப்பாடம்

"சார், நிலை நேராத்தான் இருக்கு" என்றார் தச்சர்.

"நல்லா பாருங்க. நடுவுல தொப்பை போட்டுக்கிட்டு நிக்குது."

தச்சர் ரசமட்டத்தை மறுபடியும் குளியலறைக் கதவின் நிலையோடு சேர்த்துப் பிடித்தார். உள்ளே இருந்த குமிழி கொஞ்சம் யோசித்துவிட்டு நட்டநடுவில் வந்து நின்றது.

சர்வேயர் அதை நம்பவில்லை. முப்பத்து நான்கு வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். அரை விரற்கடை கோணல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது என்று ஆபீசில் பேச்சு. பத்துப் பன்னிரண்டு நாட்களாக இந்த உலகத்தில் எதுவுமே ஒழுங்காக இல்லை. முதலில் பேப்பரில் அச்சு சரியில்லை. அப்புறம் தரையில் ஓடு பதித்தவன் சரியில்லை. இப்போது நிலை.

வலது கண்ணை மூடிப் பார்த்தார். நிலை வளைந்தது. இடது கண்ணை மூடினார். நிமிர்ந்தது. மறுபடி வலது. வளைந்தது.

தச்சர் இரண்டடி பின்னால் போனார்.

"எதுக்கு சார் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க?"

கோணல் எங்கே இருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் சர்வேயருக்குத் தெரிந்தது.

அவர் மனைவி விழித்திரை நோய்களுக்கு வைத்தியம் பார்க்கிற கண் டாக்டர். சாப்பாட்டு மேசையில் முப்பது வருஷமாக அந்தப் பேச்சைக் கேட்டுக்கேட்டு, பாதி டாக்டர் ஆகியிருந்தார் சர்வேயர். நேர்கோடு வளைந்து தெரிந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அதற்கு என்ன வைத்தியம் என்றும் தெரியும். ஊசி. கையிலோ இடுப்பிலோ அல்ல, கண்ணுக்குள்ளேயே.

கையில் ஊசி என்றாலே மயங்கி விழுகிறவர் அவர். ஒருமுறை பல்வலியை எட்டு மாதம் மறைத்து, கன்னம் வீங்கிய பிறகும் "வெயிட் போட்டுட்டேன்" என்று சாதித்தவர்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்.

"எதுக்கு ஆள் வந்திருக்காரு?"

"சார் நிலை கோணலா இருக்குன்னு..." என்று தச்சர் ஆரம்பித்தார்.

"கதவு இறுக்கமா இருக்கு!" என்று சர்வேயர் இரைந்தார். "இறுக்கம்னுதானே சொன்னேன்? இழைச்சு விடுங்க!"

தச்சர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அப்புறம், நமக்கென்ன வந்தது என்று கதவைக் கழற்றி இழைத்துத் தள்ளினார். அதுவரை கச்சிதமாகச் சாத்திக்கொண்டிருந்த கதவு அன்று முதல் தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தது. வீட்டில் யார் குளிக்கப் போனாலும் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாப்பிடும்போது டாக்டர் சொன்னார்.

"என்னங்க, எனக்கு ஒரு உதவி பண்ணணும். தொடர்கல்வின்னு ஒரு பாடம் படிக்கிறேன்ல?"

"விழித்திரைக்குப் புதுசா வந்த வைத்தியம் பத்தித்தானே? அதான் வருஷா வருஷம் படிக்கிறியே."

"படிக்கலைன்னா பதிவைப் புதுப்பிக்க மாட்டாங்க. இந்தத் தடவை கடைசியில ஒரு வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க. நோயாளிக்கு வைத்தியத்தைப் பத்தி எப்படி எடுத்துச் சொல்றோம்னு வீடியோ எடுத்து அனுப்பணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடைசி. நீங்கதான் நோயாளி."

"நானா?" என்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, எனக்கு என்ன நோய்?"

"நேர்கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது."

தண்ணீர் புரை ஏறி, டாக்டர் எழுந்து வந்து தலையில் தட்ட வேண்டியிருந்தது.

"வேற நோயே கிடையாதா?" என்றார் சர்வேயர், மூச்சு வந்ததும். "காதுவலி, மூட்டுவலி..."

"நான் கண் டாக்டருங்க."

அன்று மத்தியானம் முழுக்க அவர் யோசித்தார். சரியாக நடித்தால் மாட்டிக்கொள்வார். நடிக்கவே மாட்டேன் என்றால் அதுவும் சந்தேகம். வேறு ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டால்? மச்சினனுக்குப் போன் போட்டார்.

டாக்டரின் தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஓடுகிற வண்டிக்கு வெளியே நிற்பவர்களும் பிரேக் போடும் அளவுக்குக் குரல். சனிக்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தான். டாக்டர் போனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோவை ஆரம்பித்தார்.

"சொல்லுங்க, கண்ணுக்கு என்ன பண்ணுது?"

மச்சினன் நெஞ்சில் கையை வைத்தான். "என் உலகமே இருண்டு போச்சு டாக்டர்!"

"இருளக் கூடாதுடா. வளையணும்."

"எது வளையணும்?"

"கோடு."

"எந்தக் கோடு? ஸ்டாப் லைனா? அது வளைஞ்சா எப்படிக்கா வண்டியை நிறுத்துறது?"

ஒன்பது தடவை எடுத்தார்கள். ஒரு தடவை சோபாவிலிருந்து விழுந்து காட்டினான். இன்னொரு தடவை, கேட்காமலேயே, தன் பிள்ளைகளை டாக்டரிடம் ஒப்படைத்தான். பத்தாவது தடவைதான் டாக்டர் வைத்தியத்துக்கே வந்து சேர்ந்தார்.

"பயப்படாதீங்க. கண்ணுக்குள்ள ஒரு சின்ன ஊசி போடுவோம்."

"கண்ணுக்குள்ளயா?" மச்சினனின் சத்தம் முதன்முறையாகத் தாழ்ந்தது. எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டான். "அக்கா, பதினோரு மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கு."

வாசலில் சர்வேயரின் காதருகே குனிந்தான். "மாமா, உங்களுக்குத் தெரியுமா? நேரா கண்ணுக்குள்ளயே விடுவாங்களாம்."

"தெரியும்டா. போ."

ஆக, சோபாவில் சர்வேயரே உட்கார வேண்டியதாயிற்று. அசல் நோயாளி மாதிரி தெரியக் கூடாது. அதற்கு ஒரே வழி கேவலமாக நடிப்பதுதான் என்று முடிவு செய்துகொண்டார்.

"சொல்லுங்க, கண்ணுக்கு என்ன பண்ணுது?"

"ஒன்றும் பண்ணவில்லை டாக்டர்" என்றார், மேடையில் ஒப்பிக்கிற குரலில். "எல்லாம் நேராகத் தெரிகிறது."

"நேரா தெரிஞ்சா எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

"ரொம்ப நேரா தெரியுது. அதான் தொல்லையா இருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து கட்டம் போட்ட ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் பிடித்தார். "வீடியோவுல இதுவும் வரணும். ஒரு கண்ணை மூடிக்கிட்டு நடுப்புள்ளியைப் பாருங்க."

சர்வேயர் இடது கையால் இடது கண்ணை மூடினார். கட்டங்கள் ராணுவ வீரர்கள் மாதிரி நின்றன. "நேரா இருக்கு."

"இப்ப அடுத்த கண்ணு."

சர்வேயர் கையை மட்டும் மாற்றினார். வலது கையை மூக்குக்குக் குறுக்கே கொண்டுபோய் அதே இடது கண்ணை மூடிக்கொண்டார். "இதுவும் நேரா இருக்கு."

டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாளை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்குக் காலைல மறுபடி எடுக்கலாம்" என்று எழுந்து போனார்.

தப்பித்தோம் என்று சர்வேயர் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார். ஆனால் அன்று சாயங்காலம் துணி மடிக்கும்போது டாக்டரின் முகம் வாடியிருந்ததைப் பார்த்தார். பாவம், பதிவு போய்விடுமோ என்று கவலைப்படுகிறாள். நம்மால் அவளுக்கு இந்தக் கஷ்டம். தன் கண் போனால் போகிறது என்று நினைக்க முடிந்த அவரால், அவள் பாஸாகாமல் போவதை நினைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். டாக்டர் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. என்ன பண்ணுது?"

"கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது டாக்டர்" என்றார் சர்வேயர். ஒப்பிக்கிற குரல் இல்லை. அவருடைய குரல்தான் வந்தது.

"எந்தக் கண்ணுல?"

"இடது."

"விழித்திரைக்கு அடியில தேவையில்லாத ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுதுன்னு வச்சுக்குங்க. அதனால நடுப்பகுதி மேடாகுது. மேட்டுல விழுந்த கோடு வளையத்தான் செய்யும். மருந்தை உள்ள செலுத்தினா கசிவு நிக்கும். மாசம் ஒரு தடவை, அப்புறம் இடைவெளி விட்டுக்கலாம்."

"வலிக்குமா?"

"முன்னாடியே சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வச்சிடுவோம். யாரோ லேசா அழுத்துற மாதிரி இருக்கும். மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"ஊசி வர்றது தெரியுமா?"

"தெரியாது. நீங்க வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருப்பீங்க. ஓரமாத்தான் போடுவாங்க."

சர்வேயர் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டுக்கலைன்னா?"

டாக்டர் ஆஸ்பத்திரியில் தினமும் சொல்கிற பதில்தான். இன்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னார்.

"நடுவுல ஒரு கறை மாதிரி வரும். ஓரமெல்லாம் தெரியும். எதிர்ல இருக்கிறவங்க முகம்தான் முதல்ல போகும்."

சர்வேயர் வலது கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்தார். முப்பது வருஷமாகப் பார்த்த முகம். அளக்காமலேயே மனப்பாடமான முகம்.

"மூக்கு ஏற்கெனவே அந்தப் பக்கம் நகர்ந்துடுச்சு" என்றார் மெல்ல.

"யாரோட மூக்கு?"

"உன்னோடதுதாம்மா."

போன் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. திட்டு விழப்போகிறது என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். விழவில்லை. டாக்டர் நாற்காலியோடு முன்னால் நகர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"கதவு இந்த வாரம்தான். பேப்பர்ல எழுத்து நெளிய ஆரம்பிச்சு பத்துப் பன்னண்டு நாள் இருக்கும்."

"நாளைக்குக் காலைல ஏழரைக்குக் கிளம்பணும்."

"சரி." அப்புறம் போனைப் பார்த்துக் கேட்டார். "உன் வீடியோ கெட்டுப்போச்சா?"

"இல்ல" என்றார் டாக்டர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரொம்ப நல்லா வந்திருக்கு."

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்து உறுதி செய்த பிறகு, டாக்டரோடு வேலை பார்க்கும் சின்ன டாக்டர்தான் ஊசி போட்டார். மனைவி பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். மயங்கி விழ சர்வேயர் எல்லா ஏற்பாட்டோடும் படுத்திருந்தார்.

"ஒண்ணு" என்று எண்ணினார். "ரெண்டு..."

"முடிஞ்சுது சார்" என்றார் சின்ன டாக்டர்.

சர்வேயருக்கே ஏமாற்றமாக இருந்தது. அப்போதுதான், தான் பிடித்திருந்த கை நழுவிப் போவதை உணர்ந்தார். வாரத்துக்கு நாற்பது பேருக்கு இதே ஊசியைப் போடுகிற டாக்டர், முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

"ஊசி உனக்கா எனக்கா?" என்றார் சர்வேயர், ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்தபடி.

மூன்று வாரம் போயிற்று. பேப்பரில் எழுத்துகள் ஓரளவுக்கு வரிசைக்குத் திரும்பின. முற்றிலும் சரியாகவில்லை. ஆனால் கசிவு குறைந்திருக்கிறது என்றார்கள். அடுத்த ஊசிக்குத் தானே நாள் குறித்து வைத்துக்கொண்டார் சர்வேயர். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் தன் நடிப்பைப் பற்றிச் சொன்னார். "ஒரே டேக்டா மச்சான். நீ பத்து டேக் எடுத்தியே" என்று மச்சினனைப் போனில் கூப்பிட்டு வேறு சொன்னார். ஒரே ஒரு குறைதான். மார்க் எவ்வளவு என்று மனைவி சொல்லவே இல்லை. கேட்டால், "வரும், வரும்" என்று பேச்சை மாற்றினார்.

ஒரு நாள் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு வீட்டுப் போன் அடித்தது. எதிர்முனையில் ஒரு பெண் குரல்.

"டாக்டர் வீடுங்களா? தொடர்கல்வி அலுவலகத்திலேர்ந்து பேசறேன். டாக்டருக்கு அனுப்பின சர்ட்டிபிகேட் திரும்பி வந்துடுச்சு. விலாசத்தைச் சரிபார்க்கணும்."

சர்வேயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவு எண் முதல் பின்கோடு வரை பிசகில்லாமல் சொன்னார். போனை வைக்க மனம் வரவில்லை.

"அம்மா, ஒரு சின்ன விஷயம். அந்த வீடியோவுல நோயாளியா வந்தது நான்தான். அதுக்கு எவ்வளவு மார்க் போட்டிருக்கீங்க?"

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எந்த வீடியோ சார்? எங்க பாடத்துல வீடியோவே கிடையாது. அதுவும் போக, டாக்டர் இந்தப் பாடத்தை முடிச்சே மூணு மாசம் ஆச்சே!"