குள்ளநட்சத்திரம் பெண் பார்க்கப் போன கதை

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில், எந்த வளைவிலும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு நட்சத்திரத்தைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே டிரைவர் இந்த உலகத்தில் குள்ளநட்சத்திரம்தான்.

ஆள் ஆறடி உயரம். பெயர் வந்த கதை வேறு. இரண்டாயிரத்து ஒன்றில் சோளக்காட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. அவர் எங்கள் ஜீப் டிரைவர். இயற்பியலில் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல் லைசென்ஸ் எடுத்தவர். எந்தப் பத்திரிகையிலோ சிவப்புக் குள்ள நட்சத்திரங்களைப் பற்றிப் படித்தார். அன்றோடு அவருக்கு இந்தப் பெயரும் வந்தது, எங்கள் நிம்மதியும் போயிற்று.

"பாக்கறதுக்குச் சின்னதுங்க. மங்கலா எரியும். ஆனா இளவட்டத்துல இருக்கே, சும்மாவே இருக்காதுங்க! திடீர் திடீர்னு புற ஊதாக் கதிரா வாரி அடிக்குமுங்க!" வாரி அடிப்பதைக் காட்ட இரண்டு கையும் மேலே போகும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கள் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு, "யோவ், ரோட்டைப் பாருய்யா!" என்று அலறுவார்.

கடைசியில் அதிகாரி வாய்மொழி உத்தரவு போட்டார்: மலைப்பாதையில் நட்சத்திரம் கூடாது. நம் டிரைவர் அதையும் மதித்தார். மேலே பாதி வாக்கியத்தில் நிறுத்தினால், எழுபது வளைவும் இறங்கி அடிவாரம் தொட்டதும், "...அதனால பக்கத்துல இருக்கற கிரகத்துக்குத்தானுங்க ஆபத்து" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

சந்தையில் மிளகு விற்கும் அம்மாவும் தப்பவில்லை. ஒரு கொய்யாப்பழத்தை வைத்து, அதற்கு ஒட்டினாற்போல ஒரு மிளகை வைத்தார். "இதுதான் நட்சத்திரம், இது கிரகம். சூடு பத்தாதுன்னு கிட்டக்கப் போய் உக்காந்திருக்குதுங்க. கிட்டக்க இருந்தா அடி வாங்கணுமுல்ல? காத்து, தண்ணி அத்தனையும் கொஞ்சங்கொஞ்சமாப் பறந்து போயிருமுங்க."

"ஏனுங்க, அங்க மொளகு வெளையுமாங்க?"

ஒரு வாரம் யோசித்துவிட்டுப் போய், அரை மணி நேரம் விளக்கம் சொன்னார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளையாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் யாவாரத்தப் பாத்திருப்பேனுங்களே" என்றார்.

அப்படிப்பட்டவருக்கு அடிவாரத்துப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் பெண் பார்க்கப் போனோம். அப்பா அம்மா இல்லாதவர். பெரியவர்கள் என்று அதிகாரியும் நானும்தான். நட்சத்திரம் என்று வாயைத் திறக்கமாட்டேன் என்று எங்களிடம் சத்தியம் செய்திருந்தார். காப்பி வரும்வரை காப்பாற்றினார். பெண்ணின் அப்பா சும்மா இருக்கவேண்டாமென்று, "என்னங்க படிச்சிருக்கீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார்.

நட்சத்திரம் என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "குள்ளனுங்கதானுங்க அதிகம். சின்ன வயசுல ஒரே ஆத்திரம். கிட்டக்க இருக்கறதைப் பொசுக்கிப் போடுமுங்க. வயசானா அடங்கிருமுங்க."

பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து, "மாப்பிள்ளைக்குக் கை நீட்டற பழக்கம் உண்டுங்களா?" என்றார்.

கதவோரம் நின்ற பெண் சரசுதான் காப்பாற்றினாள். "அப்பா, அவரு நட்சத்திரத்தைச் சொல்றாருங்க." பிறகு நேரே அவரைப் பார்த்து, "காத்துப் போன கிரகத்துக்கு மறுபடி காத்து வராதுங்களா? உள்ளுக்குள்ள எரிமலை இருந்தா?" என்றாள்.

அவர் "தெரியலீங்க" என்றார். அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"சொல்லி அனுப்பறோமுங்க" என்றார் பெண்ணின் அப்பா. மூன்று மாதம் சொல்லி அனுப்பவில்லை. மனிதர் இடிந்து போய்விட்டார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊமையாக வண்டி ஓட்டினார். ஒருநாள் நாற்பதாவது வளைவில் அதிகாரியே, "யோவ், ஏதாவது பேசுய்யா. பயமா இருக்கு" என்று கெஞ்சினார்.

ஒரு மத்தியானம் பெண்ணின் அப்பா ஒரு பை நிறைய நிலக்கடலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். நேரே ஜீப்பிடம் போனார். "ஏனுங்க, அந்தச் சின்ன நட்சத்திரம் அடங்கறதுக்கு எத்தனை வருசமாகுமுங்க? ஊட்ல சரசு கேட்டுக் கேட்டு என் உசுரை வாங்கறா. வேற மாப்பிள்ளையும் வேண்டாங்கறா."

"கோடிக்கணக்கான வருசமாகுமுங்க" என்றார் இவர்.

"அத்தனை நாள் நம்மளால ஆகாதுங்க. வர்ற தையில வெச்சுக்கலாம்."

தையில் கல்யாணம் நடந்தது. சித்திரையில் எனக்கு மாற்றல் வந்தது. என்னைச் சேலம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, என் பெட்டியை அவரே மேலே ஏற்றினார். ஜன்னலோரம் வந்து, "உடம்பைப் பாத்துக்குங்க சாமி" என்றார். அவ்வளவுதான்.

பஸ் ஊரைத் தாண்டியபிறகுதான் உறைத்தது. சரசு முதல் நாளிலேயே கேள்வி கேட்டாள். நானோ, அத்தனை நாள் கூடவே இருந்து, அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

இப்போது என்னிடம் நிறையக் கேள்விகள் இருக்கின்றன. மறுபடி பார்த்தால் கேட்பேன்; அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பதில் சொல்லட்டும்.