மிராசுதார் வீட்டு டப்பாக்கள்

சைக்கிளை இரவல் கொடுத்துக் கெட்டவர்கள் உண்டு. பெயரை இரவல் கொடுத்துக் கெட்டவர்களும் உண்டு. நான் இரவல் கொடுத்துக் கெட்ட பொருளைச் சபையில் சொல்ல முடியாது. இருந்தாலும் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, லாரி கிளீனர், உப்பளக் கூலி, டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிப்பவன் என்று அலைந்து, குடவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் வந்து ஒதுங்கியிருந்தேன். அங்கே மருத்துவக் கல்லூரி மாணவர்கள் முகாம் போட்டிருந்தார்கள். ஊர் ஜனங்களின் வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா என்று ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு தகர டப்பா கொடுத்து, மறுநாள் காலையில் அதை (புரிந்திருக்கும்) நிரப்பி வாங்கி வர வேண்டும். வழிகாட்டி, சுமைதூக்கி எல்லாம் நான்தான்.

"டப்பா ஒண்ணு குறையாம வந்துச்சுன்னா, உன்னை அட்டெண்டராப் போடச் சொல்றேன்" என்றார் அவர்களுடைய பேராசிரியர்.

அட்டெண்டர்! காக்கிச் சட்டை! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் மிராசுதார் வீட்டு வாசலில் நின்று, "சர்க்கார்லேர்ந்து குடும்பக் கணக்கு எடுக்க வந்திருக்கோம்" என்று முழங்கினேன். (புழு என்று சொன்னால் என்ன மரியாதை கிடைக்கும்?) அது நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த சமயம். வீட்டில் தலை கூடினால், சட்டப்படி கையில் வைத்துக்கொள்ளக்கூடிய நிலமும் கூடும். அங்கே இருந்தது அவரும் அவர் மனைவியும் மட்டும். அவரோ மெட்ராஸில் குடியேறிவிட்ட மகன், சீர்காழியில் வாழ்க்கைப்பட்ட மகள், அவள் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து, "கொல்லைப்பக்கம் இருக்காங்க" என்று சொல்லிவிட்டார்.

கூட வந்த மாணவர் பவ்யமாகத் தலைக்கொரு டப்பா அடுக்கி வைத்தார். "நாளைக் காலையில தனித்தனியா நிரப்பித் தந்துடுங்க."

"எதை?"

சொன்னார். மிராசுதார் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சாயங்காலம் மிராசுதாரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தலைவாழை இலை, நெய், உருளைக்கிழங்கு வறுவல், பாயசம். வயிறு அதையெல்லாம் மறந்தே போயிருந்தது.

"தம்பி, டப்பாவை நிரப்பித் தரச் சொல்லி எங்க களத்து ஆளுங்களைக் கேட்டுப் பாத்தேன். 'கூலித் தகராறு முடியற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமே தர்றதா இல்ல'ன்னு கொடி பிடிக்கிறானுங்க."

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"இன்னும் கொஞ்சம் பாயசம் போட்டுக்க."

புரிந்துவிட்டது. டப்பா குறைந்தால் காக்கிச் சட்டை போச்சு. விடியற்காலையில் மகன், மகள், பேரப்பிள்ளைகள் அத்தனை பேருக்காகவும் நான் ஒருவனே பாடுபட்டேன்.

பேராசிரியர் மைக்ராஸ்கோப்பைவிட்டு நகரவே இல்லை. "ஏம்ப்பா, இந்த மிராசுதார் பிள்ளைங்க உயிரோட இருக்கிறதே ஆச்சரியம்! செருப்பில்லாம ஊரூராச் சேத்துல திரியறவனுக்குத்தான் இத்தனை புழு இருக்கும்."

என் வெறுங்கால்கள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டன.

புழு மருந்து, பேதி உப்பு, மாணவர் பட்டாளம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஜீப் மிராசுதார் வீட்டுக்குப் போனது.

"குடும்பத்தைக் கூப்பிடுங்க. என் கண் முன்னாடியே குடிக்கணும்" என்றார் பேராசிரியர்.

மிராசுதார் கூடத்தைப் பார்த்தார். கொல்லையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"குடும்பமே இதோ நிக்குதுங்க."

நான் குடித்தேன். (நல்லவேளை, ஒரு ஆளுக்கு உண்டான அளவுதான் கொடுத்தார்கள்.) மறுநாள் முழுக்க வாய்க்கால் கரையிலேயே குடியிருந்தேன்.

அட்டெண்டர் வேலை போயிற்று. கூடவே நாலடி நடந்தால் வாங்கிக்கொண்டிருந்த மூச்சும் போயிற்று. அதுவரை அது பட்டினியால் வருவது என்று நினைத்திருந்தேன். பேராசிரியரும் என்னை விடவில்லை. புது மாணவர்கள் வரும்போதெல்லாம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, முன்னால் நிறுத்திவைத்துச் சொல்வார்: "ஆளைக் கண்ணால பாக்காம டப்பா கொடுத்தா, எல்லா வீட்லயும் உங்களுக்கு இவன்தான் கிடைப்பான்."

பல வருஷம் கழித்து மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா, "எங்க சொந்தத்துல டாக்டருங்களே ஏழெட்டுப் பேர்" என்று ஆரம்பித்தார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் காதில் சொன்னாள்: "டப்பா கொடுத்துப் பாருங்களேன்."

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இப்போது நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும், அந்த மருமகள் அடுக்களையிலிருந்தே குரல் கொடுக்கிறாள்.

"மாமா, டப்பா எடுத்துட்டு வரவா?"