ஆளை உட்கார வைக்கும் பட்டன்

மூட்டையோடு லாரிக்குள் நுழைந்த ஆள், லாரியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்தான். அப்புறம் சுவரையும் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான்.

"நிறுத்துங்கண்ணே, பாவம்!" என்றான் ஒல்லி.

"நிறுத்தத் தெரிஞ்சா நிறுத்த மாட்டேனாடா?" என்று போனைத் தட்டினார் புரபசர்.

புரபசர் சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். தலை நரைத்த பிறகு சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்கப் போனதால் வந்த பட்டப்பெயர் அது. அங்கே சின்னச் சின்ன கேம் செய்ய வைத்துத்தான் கற்றுத்தருவார்கள். அவருக்குத் தெரிந்த உலகம் ஒன்றுதான்: ஒரு லாரி, கொஞ்சம் மூட்டை, ஓர் ஆள். அதையே கேம் ஆக்கிவிட்டார்.

"இன்னும் தூக்கினா படுத்த படுக்கைதான்" என்று அவர் முதுகைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லியிருந்தார். வகுப்பில் தேறினால் வாசலில் லாரிக் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர் நாற்காலி தருகிறேன் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். கிடங்கில் லாரிக்கு இரண்டு ஆள். அந்த நாற்காலி வரும்வரை அவர் பங்கையும் சேர்த்து ஜோடி ஆளான ஒல்லியே தூக்கினான். அவன் முழங்காலும் நடுங்க ஆரம்பித்திருந்தது.

தேற, டீச்சர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "வெளியாள் ஒருத்தராவது உங்க கேமைக் கடைசி மூட்டை வரைக்கும் விளையாடி முடிக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

ஆளை நிறுத்துவதற்கு ஒரு பட்டன் வைத்தார் புரபசர். அழுத்தினால் மூட்டையை இறக்கிவிட்டு நிழலில் உட்காருவான். சாப்பாட்டு நேரத்தில் போன் கை மாறிக் கை மாறிப் போனது. அத்தனை பேரும் அந்தப் பட்டனைத்தான் அழுத்தினார்கள். அழுத்திவிட்டு, உட்கார்ந்திருப்பவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அருமையான கேம்யா" என்றார் லாரி டிரைவர்.

"யோவ், தூக்கினாத்தான்யா கேம்!"

"காலையிலேர்ந்து தூக்கினது போதாதா? இவனாவது உட்காரட்டும், விடு."

மறுநாள் கேமுக்குள் ஒரு மேஸ்திரியை இறக்கினார் புரபசர். ஆள் உட்கார்ந்தால் வந்து கத்துவார். உடனே ஆளை லாரிக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மேஸ்திரியை அங்கேயும் அனுப்பினார். லாரிக்கு அடியில் படுக்க வைத்தார்கள். ஆத்திரம் தாங்காமல், பிடிபட்டால் 'வேலை போச்சு' என்று திரையில் வரும்படி எழுதிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் கிடங்கே திருவிழாவானது.

"எனக்கு வேலை போச்சு!"

"உனக்கு முன்னாடியே எனக்குப் போச்சு!"

"டேய், மூட்டையைத் தொடாமலே போச்சுடா எனக்கு!"

சத்தம் கேட்டு நிஜ மேஸ்திரி வந்தார். போனைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இதுல கத்தறது யாரு, நானா?"

"இல்லைங்க. பொதுவா ஒரு மேஸ்திரி."

"மீசை என்னுது மாதிரி இருக்கே?"

"எனக்கு வரையத் தெரிஞ்சது அந்த ஒரு மீசைதாங்க."

மேஸ்திரி போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். புரபசர் கணக்குப் போட்டுப் பார்த்தார். படிப்பும் போச்சு, பிழைப்பும் போச்சு. சாயங்காலம்வரை யாரும் வந்து கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஒல்லியைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றியவர், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வராமல் நின்றார்.

வேலை முடிந்து இருவரும் வெளியே வந்தபோது, வாசலில் காவலாளி போனை நீட்டினார். "மேஸ்திரி கொடுக்கச் சொன்னாரு."

இதுவரை யாரும் பார்த்திராத எழுத்து திரையில் மின்னியது: 'எல்லா மூட்டையும் ஏத்தியாச்சு! வெற்றி!'

"ஒல்லி! ஒருத்தர் முடிச்சிட்டாருடா! நான் பாஸ்!"

ஒல்லி அவரை அப்படியே கட்டிக்கொண்டான். இருவர் மேலிருந்தும் சிமென்ட் தூசி பறந்தது. "இனிமே உங்களுக்கு நாற்காலிதாண்ணே! யாருய்யா அந்தப் புண்ணியவான்?"

"மேஸ்திரிதான்" என்றார் காவலாளி. "ஒரே ஆளு ஒரு லாரியை எவ்வளவு சுலபமா ஏத்தறான் பாருங்கன்னு மேனேஜர்கிட்டயும் காட்டினாரு. நாளையிலேர்ந்து லாரிக்கு ஒரு ஆள்தானாம் தம்பி."